'நீர்த்துப் போச்சு, டாக்டர்!'

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கிளினிக்கைப் பூட்டலாம் என்று கம்பவுண்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அதுவரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அப்போதுதான் படியேறி வந்தார். இந்த மாதிரி விஷயத்துக்கு வருகிறவர்கள் எல்லாருமே கடைசி ஆளாகத்தான் வருவார்கள். முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வைத்தியம் பார்க்கிறேன், இது எனக்குப் பழகிப்போன விஷயம்.

வயது இருபத்தேழு. கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. எனக்கு வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "உட்காருங்க தம்பி, யாருக்குக் கல்யாணம்?" என்றேன். "எனக்குத்தான் டாக்டர். இதை எப்படியாவது நிறுத்தணும். வீட்ல என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றார். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தோரு நாள்தான் இருந்தது.

நடந்தது இதுதான். மாதத்துக்கு ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு 'கேம்ப்' நடத்தும் ஒரு 'பரம்பரை வைத்தியரிடம்' போயிருக்கிறார். அவர் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, பாத்ரூமுக்குப் போய் விந்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, "எத்தனை வயசுல கைப்பழக்கம் ஆரம்பிச்சது? வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். அப்புறம் டம்ளரைச் சாய்த்துக் காட்டி, "வரும்போது கெட்டியா இருந்துச்சா? இப்ப பாரு, வெறும் தண்ணி! உன் தாது கரைஞ்சு போச்சு. இப்படியே தாலி கட்டினா அந்தப் பொண்ணு வாழ்க்கையும் போச்சு" என்றாராம். மூன்று மாத மருந்துக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். இந்தப் பையன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வாசகர்களே, அந்த டம்ளரில் நடந்தது வியாதியே இல்லை! ஆரோக்கியமான எந்த ஆணின் விந்தும் அப்படித்தான் ஆகும், ஆகவேண்டும்.

விந்து வெளிப்பட்ட உடனேயே கஞ்சி ஆறினாற்போலக் கெட்டியாகிவிடும். விந்துப் பைகளில் சுரக்கும் ஒரு புரதம்தான் அதைக் கெட்டியாக்குகிறது. ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் நொதி அந்தக் கெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பதினைந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் முழுக்க நீர்த்துவிடும். இப்படி நீர்த்தால்தான் உள்ளே சிக்கியிருக்கும் உயிரணுக்கள் விடுபட்டு நீந்த முடியும். ஒரு மணி நேரம் ஆகியும் நீர்க்கவில்லை என்றால்தான் லேபில் அதை ஒரு குறையாக எழுதுவார்கள். ஆக, அந்த லாட்ஜ் ஆசாமி 'கோளாறு' என்று காட்டியது, பையனின் ப்ராஸ்டேட் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்ததே அதற்காகத்தான்!

குடும்பத்தில் எல்லாரும் படிக்கிற பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் எழுதுவதே வீட்டுத் தாய்மார்களும் படிக்கட்டும் என்றுதான். மகன் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், 'இப்போ கல்யாணம் வேண்டாம்' என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தால் காதல் விவகாரமோ என்று சந்தேகப்படுகிறோம். அதற்குப் பின்னால் இப்படியொரு டம்ளர் இருக்கக்கூடும் என்று யாருக்குமே தோன்றுவதில்லை.

கண்ணுக்குத் தெரிவது எது?

விந்து என்றாலே உயிரணு என்று நினைக்கிறோம். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. கண்ணால் பார்க்கிற திரவத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக விந்துப் பைகளிலிருந்து வருகிறது. கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ப்ராஸ்டேட்டிலிருந்து வருகிறது. விரைகளிலிருந்து வரும் உயிரணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐந்து வரை, அவ்வளவுதான். அதையும் மைக்ராஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாது.

இதற்கு நல்ல சாட்சி, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள். அவர்களுக்கு விந்தில் ஓர் உயிரணுகூட வராது. ஆனால் அளவு, நிறம், கெட்டித்தன்மை எதிலும் அவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அந்த ஆபரேஷனுக்கு 'ஆண்மை போயிடும்' என்று பயந்து, சிசேரியன் ஆன மனைவியையே மறுபடியும் ஆபரேஷன் டேபிளில் படுக்க வைக்கிறார்களே, அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

அந்த இளைஞரை முறையான லேபுக்கு அனுப்பினேன். 2.8 மில்லி விந்து. ஒரு மில்லிக்கு 5.4 கோடி அணுக்கள். பாதிக்கு மேல் நன்றாக நீந்துகின்றன. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னோடதுதானா டாக்டர்?" என்று கேட்டார். பயம் அந்த அளவுக்கு வேர் விட்டிருந்தது. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வீட்டைச் சொல்கிறேன். கல்யாணம் ஆகி ஐந்து வருஷம். குழந்தை இல்லை. மருமகளை நாலு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாமியார் அழைத்துப் போயிருக்கிறார். குழாய் அடைப்பு டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி, மாதா மாதம் ஊசி என்று அந்தப் பெண் படாத பாடு இல்லை. எல்லாமே நார்மல். கடைசியில் 'கர்ப்பப்பைச் சூடு' தணிய மருந்து கேட்டு என்னிடம் வந்தார்கள். மகனுக்குப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்டேன். மகன் சிரித்தார். "எனக்கு எல்லாம் திக்கா, சரியா இருக்கு சார். எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார். நான் பிடிவாதமாக அனுப்பினேன். உயிரணு எண்ணிக்கை பூஜ்யம்! பார்வைக்கு அவர் சொன்ன மாதிரியே திக்காகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் அன்றைக்கு மருமகள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. பெண்ணுக்குச் செய்கிற பரிசோதனைகளில் பல உடம்பை வருத்துபவை. ஆணுக்கு முதல் பரிசோதனை ஊசிகூட இல்லாத ஒன்று. அதைத்தானே முதலில் செய்ய வேண்டும்? நம் வீடுகளில் அது கடைசியில்தான் நடக்கிறது. சில வீடுகளில் நடப்பதே இல்லை.

ஏழாவது தாது

'ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு ரத்தம் என்று உங்க சித்த வைத்தியத்திலேயே சொல்லியிருக்கே?' என்று என்னிடமே கேட்பவர்கள் உண்டு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று உடல் தாதுக்கள் ஏழு. உண்ட உணவின் சாரம் ஒன்றன்பின் ஒன்றாக இவற்றை வளர்க்கிறது என்பது எங்கள் பாடம். சுக்கிலம் ஏழாவதாக நிற்கிறது. முந்தைய ஆறும் நன்றாக இருந்தால் ஏழாவதும் நன்றாக இருக்கும், அதாவது உடம்பு முழுவதும் தேறினால்தான் அது தேறும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பாங்க் பாஸ்புக் மாதிரி, எடுத்தால் குறையும், எடுக்காவிட்டால் சேரும் என்று கணக்குப் போட்டது பின்னால் வந்தவர்கள். உடம்பு ரத்தத்தைக் கறந்து விந்து செய்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலவந்தமாக அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் பட்டியல் போடுகிறது. தும்மல், மலம், சிறுநீர், பசி, தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்த வரிசையில் சுக்கிலமும் இருக்கிறது. இதை மட்டும் எந்த லாட்ஜ் வைத்தியரும் சொல்லிக் கேட்டதில்லை!

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சுவிட்சர்லாந்தில் டிஸ்ஸோ என்ற டாக்டர் 1760-ல் இதே மாதிரி ரத்தக் கணக்கு சொல்லி ஒரு புத்தகம் போட்டு, ஐரோப்பா பூராவையும் நூறு வருஷத்துக்கு மேல் நடுங்க வைத்தார். நம் நாட்டில் டாக்டர் என்.என்.விக் என்ற மனநல நிபுணர் 1960-ல் இந்தப் பயத்துக்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். தாது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான். விந்து வீணாகிறது என்ற கவலையாலேயே உடல் சோர்வு, தூக்கமின்மை, முதுகு வலி, படபடப்பு, ஆண்குறி விறைப்பின்மை எல்லாம் வரும். நோயாளி பொய் சொல்வதில்லை. அசதி நிஜம், வலி நிஜம். காரணம்தான் வேறு.

தூக்கத்தில் வெளியேறுவது, மலம் கழிக்க முக்கும்போது பிசுபிசுவென்று ஒரு சொட்டு வருவது, இரண்டுமே இயற்கை. முக்கும்போது வருவது பெரும்பாலும் ப்ராஸ்டேட் நீர். 'சிறுநீரோடு வெள்ளையாகப் போகிறது' என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு சிறுநீரில் பாஸ்பேட் உப்பு கூடினால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கும். அந்தப் பாட்டிலில் நாலு சொட்டு வினிகர் விட்டுக் காட்டுவேன். உப்பாக இருந்தால் பளிச்சென்று தெளிந்துவிடும். தெளியாவிட்டால் கிருமித் தொற்றாக இருக்கலாம், சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பேன்.

நிறம் மாறினால்...

சாதாரணமாக விந்து சாம்பல் கலந்த வெண்மையாக, அரிசி கழுவிய தண்ணீர் கெட்டியானது போல இருக்கும். அதில் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகச் சின்ன உருண்டைகள் தெரிவதும் உண்டு. 'கட்டி கட்டியாப் போகுது' என்று அதற்கும் பயப்படுகிறார்கள். விந்துப் பையில் சுரக்கும் புரதம்தான் அப்படித் திரண்டு நிற்கிறது. கவலை வேண்டாம். ஒரே நாளில் இரண்டாம் முறை என்றால் நீர்த்தும் குறைந்தும் இருக்கும். பல நாள் இடைவெளி விட்டால் கெட்டியாக, லேசான மஞ்சளாக வரும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் சிலருக்கு மஞ்சளாக்கும். டி.பி. மருந்தில் ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர், வியர்வை போல இதுவும் ஆரஞ்சு நிறமாகலாம். மருந்தை நிறுத்தி விடாதீர்கள்.

மஞ்சளோடு கண்ணும் மஞ்சளாக இருந்தால் காமாலையா என்று உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் பச்சையாகி, துர்நாற்றம், எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் சேர்ந்தால் கிருமித் தொற்று. இதைச் 'சூடு' என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பால்வினைத் தொற்றாக இருந்தால் கணவன், மனைவி இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் பந்து மாதிரி இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இனி ரத்தம். சிவப்பாகவோ, பழுப்பாகவோ, காப்பி நிறத்திலோ விந்து வந்தால் யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு, வலியில்லாமல், ஒன்றிரண்டு தடவை மட்டும் வந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். உள்ளே தேங்கிய பழைய ரத்தம் வெளியேறிச் சுத்தமாகச் சில வாரங்கள்கூட ஆகும். ப்ராஸ்டேட்டில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனை செய்தவர்களுக்கும் இப்படி வருவது சகஜம். ஆனால் வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரிலும் ரத்தம் இருந்தால், காய்ச்சலோ எடைக் குறைவோ கூட இருந்தால் யூராலஜி டாக்டரிடம் போயே ஆக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அவர் தேவையைப் பார்த்துச் சொல்வார். ரத்தக் கொதிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கட்டுக்கடங்காத கொதிப்பினாலும் இப்படி வருவதுண்டு.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999-ல் நடந்தது. தறி ஓட்டுபவர், வயது முப்பத்து நாலு. விந்து பழுப்பாக வருகிறது என்று வந்தார். நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. ராத்திரி கண்விழித்து வேலை செய்கிறவர், உஷ்ணம்தான் என்று முடிவு கட்டி, குளிர்ச்சிக்கு மருந்து கொடுத்தேன். இரண்டு மாதம் சாப்பிட்டார். எடை குறைகிறதா, ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். விரைக்குப் பின்னால் கல் மாதிரி கட்டி தோன்றிய பிறகுதான் எனக்கு விழித்துக்கொண்டது. தெரிந்த யூராலஜிஸ்டிடம் அனுப்பினேன். டி.பி.! நுரையீரலில் மட்டும்தான் டி.பி. வரும் என்று நினைக்கிறோம். சிறுநீரகத்தில், ப்ராஸ்டேட்டில், விந்துக் குழாயில் எல்லாம் வரும். முறையாக மருந்து சாப்பிட்டு அவர் குணமாகிவிட்டார். ஆனால் உள்ளே ஆறிய தழும்பு விந்துக் குழாயை அடைத்துவிட்டது. ஒரு பெண் குழந்தை முன்பே இருந்தது. இரண்டாவது பிறக்கவில்லை.

அந்த இரண்டு மாதம் முன்னால் அனுப்பியிருந்தால் குழாய் தப்பியிருக்குமா? தெரியாது. இப்போதும் தீபாவளிக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து விந்தில் ரத்தம் என்று யார் வந்தாலும், வயது என்னவானாலும், நாடி பார்ப்பதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அளவு குறைந்தால்

நிறத்தை விட அளவு திடீரென்று குறைவதுதான் பல சமயம் பொருளுள்ள அறிகுறி. உச்சம் வருகிறது, ஆனால் வெளியே ஒன்றும் வரவில்லை அல்லது ஒரு சொட்டுதான் வருகிறது என்பார்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாய் நரம்பு தளர்ந்துவிட்டால், விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அடுத்த தடவை சிறுநீர் கலங்கலாகப் போகும். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், சைலோடோசின் போன்ற மாத்திரைகளாலும், ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகும் இப்படி ஆகும். உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் பிரச்னை. அதற்கும் வழி இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். நம் ஆட்கள் சர்க்கரை டாக்டரிடம் கால் எரிச்சலைச் சொல்வார்கள், கண் மங்கலைச் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. விரையில் வலியில்லாத கட்டி தென்பட்டால், அதிலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புற்றுநோயாக இருந்தாலும் ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும். இரண்டாவது, பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விரையில் உயிர் போகிற வலி, வாந்தி என்றால் அது முறுக்கிக் கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு காலைவரை காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதக் கணக்கு

விரைகள் ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகின்றன? உடல் சூட்டைவிட இரண்டு முதல் நாலு டிகிரி குறைவான இடத்தில்தான் உயிரணு நன்றாக உற்பத்தியாகும். அடுப்பு முன்னால் நிற்கும் பரோட்டா மாஸ்டர், உலைக்களத் தொழிலாளி, நாளெல்லாம் இன்ஜின் சூட்டில் உட்காரும் லாரி டிரைவர், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பிள்ளைகள், எல்லாருக்கும் இது பொருந்தும். ஒரு பக்க விரைப்பையில் ரத்தக்குழாய் புடைத்து, தொட்டால் புழுக்கள் சுருண்டு கிடப்பது போலிருந்தால் அது வெரிக்கோஸீல். நூற்றுக்குப் பதினைந்து ஆண்களுக்கு இருக்கிறது. எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. அணு எண்ணிக்கையும் குறைந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

ஓர் உயிரணு உருவாக எழுபது நாளுக்கு மேல் ஆகிறது. குழாய்களைக் கடந்து வெளியே வர இன்னும் சில நாள். மொத்தம் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் கடும் காய்ச்சலில் படுத்திருந்தால் இந்த மாத ரிப்போர்ட் மோசமாகத்தான் வரும். அதைப் பார்த்து உடைந்துபோகாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிகரெட், பீடி, பான்பராக், குட்கா, மது எதை நிறுத்தினாலும் பலன் தெரிய அதே மூன்று மாதம்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தோள் புடைக்க ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், 'இனி நமக்கு வேலையில்லை' என்று விரைகள் உற்பத்தியை நிறுத்திவிடும். பயில்வான் மாதிரி உடம்பு, அணு எண்ணிக்கை பூஜ்யம்! ஊசியை நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல்.

சரி, சித்த வைத்தியத்தில் மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அமுக்கரா, பூனைக்காலி வித்து, தண்ணீர்விட்டான் கிழங்கு, நெருஞ்சில் எல்லாம் நாங்கள் காலங்காலமாகக் கொடுப்பவை. அமுக்கராவை வைத்து நடந்த சில சிறிய ஆய்வுகளில் அணுக்களின் எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் கூடியிருக்கின்றன. ஆனால் குழாய் அடைப்பை எந்த மூலிகையும் திறக்காது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அமுக்கராவைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. வேலை செய்கிற எதுவும் கெடுதலும் செய்யும். முருங்கைப்பூ, முருங்கைக்கீரை, பாதாம், எள், நாட்டுப் பழங்கள், பருப்பு இவற்றைச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள். அதற்குச் சீட்டு வேண்டாம்.

அந்த இளைஞர் லாட்ஜில் வாங்கிய டப்பாவைக் கொண்டு வந்து காட்டினார். லேபிள் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை. இப்படிப்பட்ட 'மூலிகை' மாத்திரைகளில் ஆங்கில மருந்தான சில்டனாஃபிலைப் பொடித்துக் கலப்பது பல தடவை பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இதைத் தெரியாமல் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. பேர் தெரியாத பற்பம், செந்தூரம் என்றால் உலோக விஷமும் சேரும். ஆண்மை பெருக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சுவரெல்லாம் அந்த விளம்பரம்தான்!

டெஸ்ட்டுக்குப் போகும்போது

கடைசியாக, பரிசோதனைக்கு எப்படிப் போவது என்று சொல்லிவிடுகிறேன். தப்பாகக் கொடுத்த சாம்பிளால் தப்பான ரிப்போர்ட் வாங்கி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல் இடைவெளி விட்டுப் போங்கள். பத்து நாள் சேர்த்து வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், பழைய அணுக்கள் செத்துக் கிடக்கும். லேபில் தரும் டப்பாவிலேயே எடுங்கள். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக்கூடாது. கடையில் வாங்கும் ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதிலுள்ள பொருள்கள் அணுக்களைக் கொன்றுவிடும். வீட்டில் எடுப்பதென்றால் சட்டைக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்து, அரை மணிக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டுவந்த புத்திசாலியும் உண்டு!

ரிப்போர்ட்டில் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த எல்லைகளைப் பார்ப்பார்கள். அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்தத்தில் 3.9 கோடி, அசைபவை நூற்றுக்கு 42, வடிவம் சரியாக இருப்பவை நூற்றுக்கு 4. ஆமாம், நாலு இருந்தாலே போதும். 'தொண்ணூத்தாறு பங்கு கோணலா இருக்கு' என்று பயந்து ஓடி வருகிறார்கள். இந்த எண்கள், ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்தவை. இதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளில்லை. ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இரண்டாவதும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பதற்றத்தில் கொஞ்சம் கீழே சிந்திவிடுவது எல்லாருக்கும் நேர்வதுதான். முதலில் வரும் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம் இருக்கும். ஆகவே சிந்தியிருந்தால், கூச்சப்படாமல் லேபில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் குறித்துக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்.